முப்பத்தேழாம் எண் கால்

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் சாக்லேட் இருக்கும், சென்ட் பாட்டில் இருக்கும். என் பெட்டியில் பதினெட்டு ஜோடி பெண்கள் காலணிகள் இருந்தன. எல்லாமே யாரோ போட்டு நடந்துவிட்டு, சரியில்லை என்று திருப்பி அனுப்பியவை. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் ஓரடி தள்ளி நின்றுகொண்டது.

"எல்லாம் லேடீஸ் ஷூ. எல்லாம் பழசு. இது இன்னா சார் வியாபாரம்?"

"வியாபாரம் இல்ல சார், கம்ப்ளெயின்ட். இங்க செஞ்சதுதான். திரும்ப எடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், நல்ல வேளையாக மனம் மாறிக் கீழே வைத்தார். "மூடிக்கினு போங்க சார்," என்றார்.

நான் போர்ச்சுகலின் வடக்கே ஒரு சிறிய ஊரில், காலணி வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக இருக்கிறேன். மண்ணுக்குக் கெடுதல் செய்யாத காலணிகள்தான் எங்கள் சரக்கு. மேலே பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தித் துணி, பாதம் பதியும் இடத்தில் தக்கை மரப்பட்டை, அடியில் மரத்துப் பாலில் செய்த ரப்பர், ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை. பார்க்க லட்சணமாக இருக்கும். நாள் முழுக்க நின்றாலும் கால் கடுக்காது. தைத்து ஒட்டி முடிப்பது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. டிப்ளமோ முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான்.

வந்த காரணம் ஒரு வரியில் அடங்கும். மூன்று பருவங்களாக எங்கள் காலணி நடக்கும்போது குதிகாலில் கழன்று கழன்று வருகிறது. என் மேலதிகாரி தெரேசா கிளம்பும்போது சொன்னார்: "காரணத்தோடு வா. காரணம் தெரியாமல் வந்தால் அடுத்த பருவத்துக்கு நான் வேறு நாடு பார்க்கவேண்டியிருக்கும்." தொழிற்சாலையில் எங்கள் காலணிக்கென்று ஒரே ஒரு லைன். அதில் அறுபது பெண்கள். பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். கையில் நான்கு நாள்.

சனிக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூர் ஹோட்டலில் கண் விழித்தேன். கண்ணாடிச் சுவர் வைத்த ஹோட்டல். பயிற்சித் தொழிலாளியாக இருந்த காலத்தில் கம்பெனி பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டிப் போவோம். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். இப்போது உள்ளே உட்கார்ந்து பார்த்தால், கொரியாக்காரர்கள் நாலு பேர் இட்லிக்குத் தங்கள் ஊர் முட்டைக்கோஸ் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் பொங்கலோடு கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். மோசமில்லை. வெளியே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஜன்னலில் சாய்ந்த தலைகள், திறந்த வாய்கள். அந்தத் தூக்கத்தைப் போல ஒரு தூக்கம் எனக்கு அப்புறம் எங்குமே வாய்க்கவில்லை. குன்றத்தூரில் ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். விடியுமுன் எழுந்து, ஒரு வாளித் தண்ணீரில் நாலு பேரும் முகம் கழுவி, பஸ் ஏறி உட்கார்ந்ததும் விழுவோம். வடக்குப்பட்டு நிறுத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். விழிக்காமல் இருக்க முடியாது. அங்கே சகாயம் அக்கா ஏறும்.

"எழுந்துக்கடா டிப்ளமோ, சீட்ட குடு. நீ படிச்சவன், நின்னுகினே தூங்குவ."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு இருந்த பெருமை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பட்டப்பெயரை வைத்தது அக்காதான். என்னைவிட நாலு வயது பெரியது.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் எனக்கு ஏதோ ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பசை வாசனை இல்லை. அந்த நாளில் ஒட்டும் பகுதிக்குள் போனால் தலை கிறுகிறுக்கும். இப்போது தண்ணீர்ப் பசை; பால் மாதிரி வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இருக்கிறது. மழைக்காலத்தில் காய மட்டும் நேரம் எடுக்கும்.

மாதிரி அறையில் சகாயம் அக்கா அதே நாற்காலியில் இருந்தது. "இன்னா டிப்ளமோ, வெள்ளையாயிருப்பன்னு பாத்தா இன்னும் கருத்துப் போயிட்ட! அங்க சோறு போட்றாங்களா இல்லியா?"

"போடறாங்கக்கா. மீனை உப்புல காய வச்சு, ஊறப்போட்டு, உருளைக்கிழங்கோட தர்றாங்க."

"அட, கருவாடு! அதுக்கா ஏரோப்பிளேன் ஏறிப் போன?"

பழைய பசை வாசனை இல்லாதது என்னவோ போல் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். "அந்த நாத்தத்தையா தேடுற? அதுல எனக்கு டெய்லி தலவலி. மூக்க அறுத்து அங்கியே வச்சிட்டு வந்திருக்கலாமே நீ."

அக்காவின் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். காலணித் தொழிலில் எல்லா அளவையும் போட்டுப் பார்ப்பதில்லை. பெண்கள் காலணி என்றால் முப்பத்தேழாம் எண் ஒன்றை மட்டும் செய்து, அந்த அளவுக் கால் உள்ள ஒருத்தியின் காலில் மாட்டிப் பார்ப்பார்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று அவள் சொல்லவேண்டும். அதைச் சரிசெய்தபின் மற்ற அளவுகளெல்லாம் அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் வரும். சகாயம் அக்கா லைனில் தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் எல்லார் காலையும் அளந்தார்கள். இதன் கால் அச்சில் வார்த்ததுபோல் முப்பத்தேழு. அன்றே மாதிரி அறைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பிரவுன் தாளில் அதன் பாதத்தைச் சுற்றி வரைந்து, கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டினார்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் எனக்கு வேலை, அந்தக் காலில் காலணியை மாட்டிக் குறித்துக்கொள்வது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதுக்கு இவ்ளோ படிக்கணுமா?" என்று கேட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

சனிக்கிழமை முழுக்கப் பதினெட்டு ஜோடியையும் பிரித்துப் பார்த்தோம், நானும் பேட்டர்ன் மாஸ்டர் ஜாபர் பாயும். பாய் ஆம்பூர்க்காரர். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு காலணியையும் ஒரு தரம் தடவிக்கொடுப்பார். துணி நெகிழ்ந்திருக்குமோ என்று பார்த்தோம்; இல்லை. தக்கை அமுங்கியிருக்குமோ என்றால் அதுவும் இல்லை. பசை விட்டிருக்கவில்லை.

"சாமான்ல கொறையே இல்ல தம்பி," என்றார் பாய். "அந்த ஊர்ப் பொம்பளைங்க கால்தான் சின்னதாயிடுச்சோ என்னமோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. ஷேர் ஆட்டோ பிடித்தேன். பாதி வழியில், கார்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய நீளமான டிரெய்லர் ஒன்று சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ஆட்டோவில் இருந்த வடநாட்டுப் பையன்கள் இருவரில் ஒருவன், "இந்த வண்டியை எடுக்கறதுக்குள்ள அதுமேல இருக்கற காருங்க பழசாயிடும்," என்று இந்தியில் சொன்னான். மற்றவன் சிரிக்கவில்லை, அவனுக்கு ஷிப்டு. இருவரும் இறங்கி ஓடினார்கள். நானும் இறங்கினேன். இறங்கியதும் மழை பிடித்தது.

என் காலில் எங்கள் கம்பெனிக் காலணிதான். பருத்தித் துணி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை நான் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேனே தவிர அனுபவித்ததில்லை. இரண்டு ஈர மூட்டைகளைத் தூக்கி நடப்பதுபோல் இருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து கத்தினார்: "இன்னா சார், வர்றப்போ ஷூ கம்பெனின்னு சொன்னியே! கையில மாட்றதா உங்க ஷூ?"

நல்ல கேள்வி. போர்ச்சுகலில் மழை வந்தால் ஒதுங்க ஓர் இடம், காயவைக்க ஒரு கணப்பு. இங்கே சாலையில் நடந்தபோதுதான் உறைத்தது, இதைச் செய்கிற ஊரில் இதைப் போட்டு நடக்க முடியாது. அதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அக்கா வீட்டு வாசலில் காலணி விடுவதற்கு ஒரு பழைய சாக்கு போட்டிருந்தது. என் ஈரக் காலணிகளை அதன்மேல் வைக்கக் குனிந்தேன். தொழில் புத்தி, யார் வாசலில் நின்றாலும் கண் அங்கேதான் போகும். புருஷன் செருப்பு ஒன்று. பிள்ளைகளுடையது இரண்டு ஜோடி. அக்காவுடையது இரண்டு. கொல்லைக்குப் போட்டுப்போகும் பழைய ரப்பர் செருப்பு ஒன்று. அதில் குதிகால் பட்டுப் பின்விளிம்பு அமுங்கி, வெளியே பிதுங்கியிருந்தது. காலையில் சர்ச் பூசைக்குப் போட்டுப்போய் வந்த புதியது இன்னொன்று. பழையதின் உள்ளே அச்சடித்த எண் நாலு. புதியதில் ஐந்து.

இங்கே செருப்பில் நாலு என்பது எங்கள் ஐரோப்பிய அளவில் முப்பத்தேழு. ஐந்து என்பது முப்பத்தெட்டு.

குனிந்தவன் நிமிரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்ல இன்னா பண்ற? எங்க வூட்டு செருப்பையும் ஆராய்ச்சி பண்றியா?"

மீன் குழம்பு, வறுத்த வஞ்சிரம், ரசம். இதை நினைத்து நினைத்துத்தான் மூன்று வருடம் அந்த உப்பு மீனைத் தின்றேன். இப்போது தட்டில் இருக்கிறது, நான் பிசைந்துகொண்டே இருக்கிறேன். அக்காவின் சின்னப் பெண் என் எதிரில் உட்கார்ந்து முறைத்தது. அதற்கு இரண்டரை வயது இருக்கும். நான் விமானம் ஏறியபோது அக்கா மாசமாக இருந்தது. பிள்ளை பெற்றால் சில பெண்களுக்குப் பாதம் நீண்டு, அகன்று அப்படியே நின்றுவிடும் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். படித்ததைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொன்னதில்லை.

"இன்னா, கொயம்பு நல்லால்லியா?"

"நல்லாருக்குக்கா," என்றேன்.

"அப்ப துன்னு. வாய்க்கும் தட்டுக்கும் நடுவுல இன்னா யோசன?"

அக்காவின் புருஷன் வேறொரு தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டுகிறார். பாதி நாள் இரவு ஓட்டம். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இவளுக்கு ஜெனரல் ஷிப்டு, ஆறு மணிக்குள்ள வூட்ல. அதாலதான் எங்க வண்டி ஓடுது. இல்லாட்டி ரெண்டு புள்ளைங்களயும் யாரு பாப்பாங்க?" மாதிரி அறைக்கு மட்டும்தான் ஜெனரல் ஷிப்டு. லைனுக்கு வாரம் ஒன்று மாறும், எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை.

திங்கள் காலை ஜாபர் பாயிடம் லாஸ்ட்டுகளைக் கேட்டேன். லாஸ்ட் என்பது காலணியை இழுத்து வடிவம் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் பாதம். நான் போகுமுன் இருந்ததையும் இப்போது ஓடுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேப் பிடித்தேன். அளக்கவே வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரிந்தது.

"பாய், இதை எப்ப பெருசாக்கினீங்க?"

"பெருசாக்கலியே. சகாயம் விரல்கிட்ட புடிக்குதுன்னு சொல்லுச்சு, லாஸ்ட்டுல ஒரு தோல் பட்டை ஒட்டினேன். அடுத்த சீசன் பக்கத்துல புடிக்குதுன்னுச்சு, அங்க ஒண்ணு. அதை வச்சுதான் புது லாஸ்ட் போட்டோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அந்தக் கால் பொய் சொல்லாது தம்பி."

"பொய் சொல்லல பாய். வளந்துடுச்சு."

பாய் சுவரில் ஒட்டிய பிரவுன் தாளைப் பார்த்தார். மூன்று பருவமும் அந்தத் தாளின் கீழேதான் நின்று வேலை செய்திருக்கிறார். "டேப்பை எடுத்துப் பார்த்திருக்கணும்," என்றார் மெதுவாக. "பிரசவம் முடிஞ்சு வந்த பொண்ணு. திரும்பக் காலைக் காட்டுன்னு எப்படிக் கேக்கறது? சந்தேகப்பட்ட மாதிரி இருக்காதா?" அவர் மட்டுமல்ல, சூப்பர்வைசரும், தர ஆய்வாளர்களும், தாளில் கையெழுத்துப் போட்ட எங்கள் கம்பெனியும் யாருமே கேட்கவில்லை. அந்தக் காலின்மேல் எங்களுக்கு அவ்வளவு மரியாதை.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவை வெளியே புங்கமர நிழலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். அது எலுமிச்சை சாதத்தை மூடிவைத்தது.

"செருப்பு மொதல்ல புடிக்காம போனப்போ, நம்பர் அடிக்கிறவன் ஏமாத்துறான்னு நெனச்சேன். நாமளே செருப்பு கம்பெனி, நமக்கே இந்த புத்தி." கொஞ்சம் சிரித்தது. அப்புறம் சிரிப்பை விட்டது. "போன சீசன்ல டவுட் வந்துச்சுடா. கேட்டா அளப்பாங்க. அளந்தா லைனுக்குப் போவணும். சின்னது அப்போதான் பேச ஆரம்பிச்சிருந்துச்சு. கேக்கல."

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "துணி நெகிழ்ந்துபோச்சுன்னு எழுதிடறேன்க்கா."

"எழுதுனா?"

"துணியை மாத்துவாங்க."

"மாத்துனா?"

"அடுத்த சீசன் மறுபடி கழண்டு வரும்."

"அப்பால?"

நான் கீழே கிடந்த புங்கங்காய் ஒன்றைக் காலால் உருட்டினேன்.

"அப்பால ஆர்டர் போவும், லைன் போவும். லைனே இல்லாதப்போ எனுக்கு எதுக்குடா சாம்பிள் ரூம்? உன் மடியிலயா ஒக்காருவேன்? கஸ்தூரிக்கு ரெண்டு புள்ளைங்க, அமுலுக்கு வூட்டுக்காரன் இல்ல. அதுங்க மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" எழுந்துகொண்டது. "வா. தாள் எடு."

மாதிரி அறையில், ஜாபர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, அது புதிய பிரவுன் தாள்மேல் காலை வைத்தது. நான் சுற்றி வரைந்தேன். சுண்டுவிரல் பக்கம் கோடு வளைந்தது. "ஒழுங்கா போடு. போர்ச்சுகல்ல இதான் கத்துக் குடுத்தாங்களா?" என்றது. பழைய தாளைவிட ஏழு மில்லிமீட்டர் நீளம். அகலமும் அதற்கேற்பக் கூடியிருந்தது.

அன்று மாலையே தெரேசாவிடம் வீடியோவில் பேசினேன். இரண்டு தாள்களையும் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆக மூன்று பருவமாக நாம் ஒரு தாயின் காலுக்குச் செய்துகொண்டிருந்தோம்." புதிய கால், புதிய லாஸ்ட், ஒரு மாதத்தில் மாதிரி. ஆர்டர் இங்கேயே இருக்கும். அவ்வளவுதான் முடிவு. அக்காவை மாதிரி அறையிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். "அது தொழிற்சாலையின் விஷயம். நாம் சொல்லக்கூடாது," என்றார். தொழிற்சாலையில் கேட்டேன். அடுத்த திங்கள் முதல் லைன், முதல் வாரம் பி ஷிப்டு என்று அதற்குள் உத்தரவு போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்கு வெளியே.

செவ்வாய்க்கிழமை என் கடைசி நாள். புதிய முப்பத்தேழைத் தேடவேண்டும். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அளக்கலாம் என்றார் சூப்பர்வைசர். "எதுக்கு?" என்றது அக்கா. கேன்டீன் வாசலில் என்னை நிறுத்திக்கொண்டு, கை கழுவ வருகிற பெண்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"அவ முப்பத்தாறு. அவளுது நீளம் செரி, அகலம் ஜாஸ்தி. இவளுக்குப் பெருவிரல் மேல தூக்கிகினு கீது, துணி கிழியும்." கஸ்தூரி தட்டோடு நின்று, "இன்னாடி, எங்க காலப் பாத்து ஜோசியம் சொல்றியா?" என்று கேட்டாள். "உன் காலுக்கு ஜோசியம் எதுக்கு, நேரா லாரி டயர்தான்," என்றது. எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் அதற்குள் லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. சிரித்து முடித்தபின் கஸ்தூரி, "மொத வாரம் பி ஷிப்டு நான் பாத்துக்கறேன், நீ காலைல என் ஏ ஷிப்டுல வா," என்றாள். இரண்டாவது முறை பி ஷிப்டு வரும்போது மாற்றிக்கொள்ள அமுலு ஒத்துக்கொண்டாள். மூன்றாவது முறைக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியில் அகப்பட்டவள் தேன்மொழி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம். மாதிரி அறை நாற்காலியில் உட்காரவைத்ததும் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய லாஸ்ட்டில் பாய் அவசரமாக இழுத்துக் கொடுத்த காலணியை மாட்டி, நாலு அடி நடக்கச் சொன்னேன். குதிகாலில் கழன்று வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தேன் இருக்குண்ணே."

"பொய்யி," என்றது அக்கா. குனிந்து அவள் சுண்டுவிரல் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியது. "இங்க?"

"ஆத்தீ... லேசா வலிக்குதுக்கா."

"அப்ப லேசா வலிக்குதுன்னு சொல்லு. சார் ஃபாரின்லேருந்து வந்துகிறாரு, கோச்சுப்பாருன்னு பாக்காத. இவன் நம்ம டிப்ளமோதான். நீ வாய மூடிக்கினா எங்கியோ ஒருத்திக்குக் கொப்பளிக்கும். செரியா?"

"சரிக்கா."

"அப்பறம் புள்ள பொறந்தா மொத வேலயா வந்து சொல்லு."

தேன்மொழிக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இன்னும் கலியாணமே ஆகலைக்கா."

"ஆவும். ஆனா சொல்லு. எனுக்கு யாரும் சொல்லல."

அப்புறம் வேலை நடந்தது. நான் குறித்தேன், பாய் வெட்டினார், தேன்மொழி கழற்றி மாட்டினாள். அரை மணி நேரத்தில் அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், இரண்டு தடவை தானாகவே "இங்கிட்டுப் பிடிக்குதுண்ணே" என்றாள். விமானத்துக்கு என்னைக் கொண்டுபோகும் கார் வாசலில் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் சகாயம் அக்கா சுவரோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. நான் வெட்டும் மேசையடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருக்கா."

அது ஸ்டூலைப் பார்த்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டது.

"வாணாம்டா. நின்னு பழகிக்கறேன்."

கார்க்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார். நான் பெட்டியை எடுத்தேன்; எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அக்காவின் பக்கத்திலேயே நின்றேன்.